மாசம் ஆயிரம் வருது, ஆறாயிரம் போனால்? வடசென்னை வீட்டுக் கணக்கு சொல்லும் அரசியல்

ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதி நெருங்கினால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு தெருக்களில் ஒரு கேள்வி சாதாரணமாகக் காதில் விழும். “பணம் ஏறிடுச்சா?”

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வரவாகும் நாள் அது. வந்த வேகத்தில் அது கரைந்தும் போகும். 2025 ஏப்ரலில் விலை ஏறியபோது சென்னையில் ஒரு சமையல் கேஸ் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்த விலையில் அதை வாங்கியபோது மீதி நின்றது 131 ரூபாய் 50 காசு. மளிகைக் கடை பாக்கியும் தண்டல்காரர் தவணையும் அப்புறம்தான்.

இந்த ஆயிரத்தைப் பற்றிய விவாதம் எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. “எங்க வரிப் பணத்தை இலவசமா அள்ளிக் கொடுக்குறாங்க” என்பது ஒரு தரப்பு. “ஏழை வீட்டுக்கு ஆயிரம் போனா உங்களுக்கு ஏன் எரியுது?” என்பது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு ஏன் இந்த ஆயிரம் இல்லாமல் மாதம் ஓடுவதில்லை? அந்தக் குடும்பத்தின் சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

என்னென்ன உதவிகள் வருகின்றன?

உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே ஒரு கோடிக்கும் அதிகமான பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 13,807 கோடி ரூபாய்.

இது தனியாக வரும் உதவி அல்ல. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. இந்த விடியல் பயணத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். 2022-ல் இந்தத் திட்டம் தொடங்கப்பட்டதே வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான். இவை போக ரேஷன் அரிசி, பள்ளியில் காலை உணவு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம்.

இவை எல்லாமே எல்லோருக்கும் முழுசாகப் போய்ச் சேருவதில்லை. சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தனியாக வசூலிப்பது சர்வசாதாரணம். அந்த வீடுகளில் 100 யூனிட் சலுகை யாருக்குப் போகிறது என்று சொல்லத் தேவையில்லை. அவசரத்துக்கு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ ஏறினால் அங்கே விடியல் பயணமும் கிடையாது. ஆனாலும் மொத்தத்தில் இந்த உதவிகள் ஒரு குடும்பத்தைத் தாங்குகின்றன என்பதை மறுக்க முடியாது.

ரிப்பன் மாளிகை வாசலில் நடந்தது என்ன?

இந்தக் கதையின் மறுபக்கம் 2025 ஆகஸ்டில் வெளியே வந்தது. சென்னை மாநகராட்சி ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. தண்டையார்பேட்டையை ஒட்டிய பகுதிகள் இவை. அங்கே தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுமார் 2,000 தூய்மைப் பணியாளர்கள் வேலை பார்த்துவந்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள்.

அவர்கள் மாதம் வாங்கிவந்தது சுமார் 23,000 ரூபாய். தனியாரிடம் போனால் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது சுமார் 17,000 ரூபாய். புதிய ஏற்பாட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ., காப்பீடு, விடுப்பு எல்லாம் உண்டு என்பது மாநகராட்சியின் விளக்கம். “நேற்று வரை பார்த்த அதே வேலைக்கு இன்று ஏன் குறைந்த சம்பளம்?” என்பது பணியாளர்களின் கேள்வி. தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்று ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்பு உட்கார்ந்தார்கள். நடைபாதையை மறித்துப் போராட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதும், 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸார் அவர்களைக் கைதுசெய்து அப்புறப்படுத்தினார்கள்.

மறுநாள் தமிழக அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளர்களுக்குப் பல நலத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. இலவசக் காலை உணவு, பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவித்தொகை, காப்பீடு, சுயதொழில் கடனுக்கு மானியம், 30,000 வீடுகள். ஒவ்வொன்றும் தேவையானதுதான். ஆனால் போராடியவர்கள் கேட்டது இவை அல்ல. அவர்கள் கேட்டது வேலையும் சம்பளமும்.

ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஹெச்.ஆரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்: “அடுத்த மாதம் முதல் உங்கள் சம்பளத்தில் கால் பங்கு குறையும். ஆனால் கேன்டீனில் காலை டிபன் இலவசம்.” இதை எத்தனை பேர் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வார்கள்?

தனியார்மயத்தை எதிர்த்த வழக்கில் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால், பணியாளர்கள் கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் வலியுறுத்தியது. சம்பளப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலேயே இருந்திருந்தால் அதை நீதிமன்றம் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

23,000-க்கும் 17,000-க்கும் நடுவில் ஒரு கோடு

இங்கேதான் ஒரு விநோதமான கணக்கு இருக்கிறது. உரிமைத் தொகை பெற குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வேறு நிபந்தனைகளும் உண்டு. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கூடாது, கார் கூடாது. அவற்றை ஒதுக்கிவைத்து, ஒரே ஒருவர் சம்பாதிக்கும் குடும்பத்தின் வருமானத்தை மட்டும் பார்த்தால்:

மாதம் 23,000 என்றால் ஆண்டுக்கு 2,76,000 ரூபாய். விதியை அப்படியே பொருத்தினால் அந்தக் குடும்பத்துக்கு உரிமைத் தொகை இல்லை.

மாதம் 17,000 என்றால் ஆண்டுக்கு 2,04,000 ரூபாய். உரிமைத் தொகை உண்டு.

அதாவது, சம்பளத்தில் 6,000 குறைந்தால் உதவியாக 1,000 கிடைக்கத் தகுதி வருகிறது. நிகர நஷ்டம் மாதம் 5,000, ஆண்டுக்கு 60,000. பேருந்துப் பயணத்துக்கும் புதுமைப்பெண்ணுக்கும் வருமான உச்சவரம்பு இல்லை என்பதால் அவை இரண்டு நிலையிலும் ஒன்றுதான். மாறுவது அந்த ஆயிரம் மட்டுமே.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்தக் கோடு இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. ஆளுக்கு 11,000 சம்பாதித்தாலே ஆண்டுக்கு 2,64,000 ரூபாய். எல்லை தாண்டியாகிவிட்டது. சென்னையில் இரண்டு பேர் உழைத்து 22,000 கொண்டுவரும் வீட்டை வசதியான வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சம்பளம் குறைவதன் பாதிப்பு அந்த மாதத்தோடு முடிவதும் இல்லை. பி.எஃப்., போனஸ், கிராஜுவிட்டி எல்லாமே சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. வங்கியில் கடன் கேட்டால் பார்ப்பது சம்பளச் சீட்டைத்தான். உதவித்தொகையைக் காட்டி வீட்டுக் கடன் வாங்க முடியாது. வங்கி கைவிட்டால் அடுத்த வாசல் தண்டல்.

அப்படியென்றால் உதவித்தொகை வேண்டாமா?

வேண்டும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். மாதத்துக்கு ஏறக்குறைய 145 மணி நேரம். ஆயிரம் ரூபாயை இதில் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. இதை ‘சும்மா கொடுக்கும் காசு’ என்று சொல்வது நியாயமில்லை.

இன்னொன்று, இந்தப் பணம் பெண்ணின் கணக்குக்கு நேராக வருகிறது. வீட்டுக்காரரின் சம்பளம் டாஸ்மாக் வழியாகச் சுற்றி வரும் வீடுகளில் இதன் அருமை தெரியும்.

இந்த இரண்டு பக்கமும் புதிதல்ல. பிரிட்டனில் குழந்தைகளுக்கான குடும்ப உதவித்தொகையைக் கேட்டு எலினார் ராத்போன் பல பத்தாண்டுகள் போராடினார். அப்போது தொழிற்சங்கத் தலைவர்கள் பலரே தயங்கினார்கள். ‘அரசு உதவி வந்தால் முதலாளி சம்பளத்தை ஏற்ற மாட்டார்’ என்பது அவர்களின் பயம். 1945-ல் சட்டம் வந்தது. பணத்தைத் தந்தையிடம் கொடுக்கலாம் என்றிருந்த மசோதாவை மாற்றவைத்து, அதைத் தாயின் கையில் சேர்த்தார் ராத்போன். முதல் தொகை 1946 ஆகஸ்டில் வழங்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

தாயின் கையில் பணம் என்பதில் ராத்போன் சொன்னது சரி. சம்பளத்துக்கு மாற்றாக உதவி வந்துவிடக் கூடாது என்பதில் சங்கத்தினரின் பயமும் சரி. வடசென்னைக்கு இரண்டுமே பொருந்தும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. சம்பளத்தைப் பேசி வாங்கலாம் என்று நாட்டுக்குக் காட்டியதே இந்தப் பக்கம்தான்.

ஆர்.கே. நகர் காட்டிய பாடம்

தண்டையார்பேட்டை அடங்கிய ஆர்.கே. நகர் தொகுதியில் 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க வேண்டிய இடைத்தேர்தல், பணப் பட்டுவாடா புகாரால் ரத்துசெய்யப்பட்டது. டிசம்பரில் மீண்டும் தேர்தல் நடந்தபோது, 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற புகார் தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. அதன் பிறகு இந்தப் பகுதி மக்களை ‘காசுக்கு ஓட்டு போடுறவங்க’ என்று கிண்டலடிப்பது சமூக வலைதளங்களில் வழக்கமானது.

இரவில் வரும் கவரும், 15-ம் தேதி வரும் உரிமைத் தொகையும் ஒன்றல்ல. முன்னது சட்டவிரோதம். பின்னது பட்ஜெட்டில் வரும், விதிகள் உள்ள, மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யக்கூடிய திட்டம். ஆனால் அரசியல் மேடைகளில் இந்த வித்தியாசம் அடிக்கடி கரைந்துவிடுகிறது. 2021 தேர்தலில் தி.மு.க. ஆயிரம் என்றது, அ.தி.மு.க. 1,500 என்றது. கர்நாடகத்தில் 2,000, மகாராஷ்டிரத்தில் 1,500 என்று மற்ற மாநிலங்களும் அதே வழியில் போகின்றன. யார் எவ்வளவு தருவார்கள் என்ற ஏலம் நடக்கிறது. குறைந்தபட்சக் கூலியை யார் எவ்வளவு உயர்த்துவார்கள் என்ற ஏலம் நடப்பதில்லை.

காரணம் எளிது. உதவித்தொகை கொடுப்பவருக்கு நன்றி கிடைக்கும். சம்பளத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அது உழைத்து வாங்கியது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, அரசும் உள்ளாட்சியும் வேலையை வெளியே விடும்போது, பணியாளர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்பது டெண்டர் நிபந்தனையாகவே இருக்க வேண்டும். எங்கே மிச்சப்படுத்தினாலும் குப்பை அள்ளுபவரின் சம்பளத்தில் மிச்சப்படுத்தக் கூடாது.

இரண்டாவது, இரண்டரை லட்சம் என்ற உச்சவரம்பை உயர்த்தி, அதைக் குறைந்தபட்சக் கூலியோடு இணைக்க வேண்டும். சட்டப்படியான கூலியை முழுசாக வாங்கும் தொழிலாளியின் குடும்பம் அந்தக் காரணத்துக்காகவே உதவியை இழக்கக் கூடாது.

மூன்றாவது, விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி உயர்வதுபோல உரிமைத் தொகையும் உயர வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் அறிவிப்பாக வருவது உரிமை ஆகாது. பெயரில் இருக்கும் ‘உரிமை’ சட்டத்திலும் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் குறைந்த சம்பளத்துக்கும் அரசுதான் விலை கொடுக்கிறது. ஒப்பந்ததாரர் மிச்சப்படுத்தும் ஆறாயிரத்தில் ஆயிரத்தைக் கருவூலம் நிரப்புகிறது. மிச்சம் ஐயாயிரத்தை அந்தக் குடும்பம் நிரப்புகிறது, பெரும்பாலும் கடன் வாங்கி.

15-ம் தேதி ஆயிரம் வரட்டும். மாதக் கடைசியில் முழுச் சம்பளமும் வரட்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் குறைப்பதற்கு நலத்திட்டம் என்று பெயர் வைக்க முடியாது.