முகத்தைப் பார்த்து உறவு சொல்லலாமா?

செட்டிநாட்டுக் கறிக் குழம்பின் மணத்துக்குக் காரணம் என்ன? கல்பாசி!

பெயர்தான் பாசி. அதன் உடலில் பெரும் பகுதி பூசணக் காளான். ரொட்டியில் படரும் பூசணத்துக்குத் தூரத்துச் சொந்தம்!

கூட்டுக் குடித்தனம்

காளான் வீடு கட்டுகிறது. அதற்குள்ளே பச்சைப் பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துக் காளானுக்கும் கொடுக்கிறது.

1867-ம் ஆண்டு இந்த உண்மையைச் சொன்னவர் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் சுவெண்டனர். அன்றைய நிபுணர்கள் பலர் அவரைக் கேலி செய்தார்கள். கடைசியில் அவர் சொன்னதே நிலைத்தது.

இப்படிக் கூடி வாழும் உயிர்கள் உலகில் சுமார் 20 ஆயிரம் வகை. இவற்றுக்குப் பெயர் வைக்கும்போது காளானுக்கே பெயர் வைக்கிறார்கள். வீட்டுக்காரர் பெயரில்தானே வீட்டுப் பத்திரம் இருக்கும்!

ஒன்று நூறானது

இவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா? இல்லை. பாசியோடு குடித்தனம் நடத்தும் வழக்கம் காளான்களிடையே குறைந்தது ஐந்து முறை தனித்தனியே தோன்றியது என்று 1995-ம் ஆண்டு மரபணு ஆராய்ச்சி காட்டியது. தோற்றம் ஒன்று, வம்சம் வேறு!

இன்னொரு அதிசயம். அமெரிக்கக் கண்டத்து மலைகளில் விசிறி போல வளரும் ஒன்று உண்டு. வெகு காலம் அதை ஒரே வகை என்று நினைத்தார்கள். மரபணுவைப் பார்த்தார்கள். 2014-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில் அது 126 வகையாகப் பிரிந்தது!

இதனால் என்ன லாபம்?

"பெயர் வைத்துக்கொண்டே இருந்தால் வயிறு நிறையுமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ரேஷன் அட்டையில் பெயர் இல்லாதவருக்கு அரிசி உண்டா? பட்டியலில் பெயர் இல்லாத உயிருக்கும் பாதுகாப்பு இல்லை.

கல்பாசி வகைகள் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மரத்திலிருந்து சுரண்டி எடுக்க ஒரு நிமிடம் போதும். கடையில் 'கல்பாசி' என்று விற்கும் பொட்டலத்தில் பல வகைகள் கலந்திருப்பது உண்டு. அவற்றில் ஒன்று காட்டில் அடியோடு அழிந்தாலும் பொட்டலம் நிறைந்தே இருக்கும். அழிந்தது யாருக்கும் தெரியாது!

ஆகவே, வகை பிரித்து வம்சம் தேடும் வேலையை வீண் வேலை என்று ஒதுக்கக் கூடாது. லக்னோவில் உள்ள தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்றே பெரிய சேகரிப்பு இருக்கிறது. அங்குள்ள அறிவு காட்டுக்கும் கடைக்கும் வரவேண்டும். எந்த மலையில் எந்த வகை, எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்த பிறகே அள்ள அனுமதி கொடுக்கவேண்டும்.

எண்ணாமல் அள்ளினால், அள்ள ஒன்றும் மிஞ்சாது. நம் பேரப்பிள்ளைகளின் குழம்பும் மணக்க வேண்டாமா?