யாரைக் கேட்டு ராஜி செய்தார்கள்?

ஓர் ஊருக்கே ஒரு கேடு நேர்ந்தால் பலருக்காகச் சிலர் வழக்குத் தொடுக்கலாம் என்று 1908ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே விதியிருக்கின்றது. பாடாலூர்ப் பக்கத்தில் குவாரி வெடியால் சுவர் பிளந்துபோன ஒரு கூலிக்காரர் தனியாளாக வக்கீல் வைத்து ஒரு முதலாளியோடு மல்லுக்கு நிற்க முடியுமா? ஆகையால் இவ்விதியை நாம் முழு மனதோடு ஆதரிக்கின்றோம். ஆனால் அவ்விதியிலேயே, கோர்ட் அனுமதி வேண்டும், சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கின்றது. ஏனெனில் தீர்ப்பானது கோர்ட் வாசலையே மிதியாதவனையும் கட்டுப்படுத்தும். இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தரகு வியாபாரம்தான்.

போபாலில் நடந்தது அதுவே. 1984 டிசம்பர் 2ந் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. மறுவருஷமே டில்லி சர்க்கார் ஒரு சட்டம் செய்து, அடிபட்டவர்களின் வழக்குரிமை முழுவதையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. திக்கற்றவர்களுக்குத் தாமே கார்டியன் என்றார்கள். அந்த ஆலைக் கம்பெனியிலோ சர்க்கார் நிதி ஸ்தாபனங்களுக்குச் சுமார் 22 சதவீதப் பங்கு! 300 கோடி டாலருக்கு மேல் கேட்ட அந்தக் கார்டியன் 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு ராஜியானது. கிரிமினல் வழக்குகளும் அதோடு கைகழுவப்பட்டன. புருஷனைப் பறிகொடுத்தவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? கோயில் அர்ச்சகன்கூடக் காசு வாங்கும்போது பேரும் நட்சத்திரமும் கேட்கின்றான். இந்தத் தரகர்கள் அதையும் கேட்கவில்லை.

அரசியல் சட்டத்தின் 14, 21 விதிகளைக் காட்டிச் சிலர் வழக்காடினார்கள். 1989 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சட்டம் செல்லும் என்றது. ராஜிக்கு முன் அடிபட்டவர்களுக்கு அறிவித்திருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆனால் மறுபரிசீலனையில் கேட்டுக்கொண்டால் போதும் என்றுவிட்டது. தாலி கட்டியபின் பெண்ணின் சம்மதம் கேட்பது எவ்வளவு நியாயமோ அவ்வளவு நியாயம் இது! 1991இல் கிரிமினல் வழக்குகள் உயிர்பெற்றன; தொகை உயரவில்லை. வேடிக்கை என்னவென்றால், ராஜி செய்த அதே சர்க்கார் 2010இல் தொகை போதாதென்று தானே மனுப்போட்டது. 2023 மார்ச்சில் அது தள்ளுபடியாயிற்று.

இத்தகைய வழக்கில் அறிவிப்பும் கோர்ட் அனுமதியும் இல்லாத ராஜி கூடாதென்று 1976லேயே விதி செய்திருக்கின்றார்கள். அறிவிப்பென்றால் பத்திரிகை மூலையில் இங்கிலீஷில் நாலு வரியா? நாளை பாடாலூரில் எவரேனும் ஊர்ப் பேரால் வழக்குப் போட்டால், மனுவையும் ராஜி நிபந்தனையையும் ஆதிதிராவிடர் தெரு உள்பட எல்லாத் தெருவிலும் ஒலிபெருக்கி வைத்துத் தமிழில் படிக்கச் சொல்லுங்கள். பெண்களும் கேட்கும் நேரத்தில் படிக்கச் சொல்லுங்கள்.