மீன் சினைக்கு ஒரு மகுடம்

'காவியார்' என்று சொல்லும்போதே சிலருக்குக் குரல் தாழ்ந்துவிடுகிறது. "அது எல்லோருக்கும் பிடிபடுகிற ருசி இல்லை, ஸார்; நாக்கைப் பழக்கியிருக்க வேண்டும்" என்கிறார்கள். ஷேக்ஸ்பியர் வேறு இவர்களுக்குச் சாட்சி. பாமர ஜனங்களுக்குப் பிடிக்காமற்போன ஒரு நாடகத்தைக் காவியாருக்கு ஒப்பிட்டுப் பேசினான் ஹாம்லெட். அன்று முதல், விலை போகாத புத்தகம் எழுதியவனும் அந்த உவமையின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறான்.

காவியார் என்பதுதான் என்ன? ஸ்டர்ஜன் என்ற மீனின் சினை, உப்புப் போட்டது. அவ்வளவுதான். பெயரிலாவது பெருமை உண்டா? பாரசீகத்தில் முட்டையைக் குறிக்கும் சொல்லில் பிறந்து, துருக்கி, இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்த சொல் அது. அந்தச் சினைக்குப் பேர்போன ருஷ்யர்களோ அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'இக்ரா'. எந்த மீனின் சினையும் இக்ராதான். கத்தரிக்காயை வதக்கி மசித்தால் அதுவும் இக்ராதான்!

ருசிதான் இதை உயர்த்தியது என்பதை நான் ஒப்பமாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்க நதிகளில் ஸ்டர்ஜன் மலிந்திருந்த காலத்தில், மதுக்கடைகளில் இதை இலவசமாகவே வைத்தார்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது நம் பழமொழி. அங்கே அவன் பீர் குடித்தான். சினையும் அதே சினை, நாக்கும் அதே மனித நாக்கு. மீன் அருகியது, விலை ஏறியது. ருசியும் கூடவே ஏறிவிட்டது.

அருகியது எப்படி? பெலுகா என்ற பெரிய ஸ்டர்ஜனில் பெண்மீன் சினை பிடிக்கவே பதினைந்து ஆண்டு போல ஆகிறது. அதைக் கொன்று வயிற்றைக் கிழித்தார்கள். வோல்காவில் அணை கட்டி, அது முட்டையிடப் போகும் வழியை அடைத்தார்கள். 1991-ல் சோவியத் ஆட்சி கலைந்தபின் திருட்டு வேட்டை கட்டுக்கடங்காமல் போயிற்று. 1998-ல் ஸ்டர்ஜன் இனம் முழுவதையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர நேர்ந்தது. இன்று கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணை மீனின் சினை. ஆனாலும் பெலுகா அழிவின் விளிம்பிலேயே நிற்கிறது.

பிடித்திருந்தால் சாப்பிடுங்கள், பண்ணைச் சினைக்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை. ஆனால் பிறருக்குக் கிடைக்காத காரணத்தாலேயே ஒரு பண்டம் உங்களுக்கு இனிக்கிறதென்றால், தயவுசெய்து அதை ரசனை என்று சொல்லாதீர்கள். அதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது: பகட்டு.