விரலுக்கு இடம் விடுங்கள்



கோவை வட்டார ஃபவுண்டரிகளில் கனமான வார்ப்புகளைத் தூக்கும்போது மட்டுமல்ல, கீழே வைக்கும்போதும் விரல்கள் நசுங்குகின்றன. இருவர் பிடித்த பாரத்தை ஒருவர் முந்தி விட்டுவிட்டால், மற்றவரின் விரல் இரும்புக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். துணிக் கையுறை சிராய்ப்பைத் தடுக்கும், எடையைத் தாங்காது.

தடுக்கப் பெரிய செலவில்லை. தரையில் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் இறக்கினால் விரலை எடுக்க இடைவெளி கிடைக்கும். ‘விடு’ என்று ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். வேலை நேரத்தில் மோதிரம் கூடாது. கைக்கு மீறிய பாரத்துக்குச் செயின் பிளாக் என்ற தூக்கும் கருவி வேண்டும்.

காயம் உண்டாக்கும் அளவு பாரத்தை யாரையும் சுமக்க வைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, 34-ஆவது பிரிவில் சொல்லியிருந்தது. ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாக 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் கணக்கிட்டது. கையை நம்பிப் பிழைப்பவருக்கு இழப்பு அதைவிடப் பெரிது.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிறு பட்டறைகளையும் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். முதலாளிகள் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பாரத்தைப் பத்திரமாக இறக்கும் பயிற்சியை முதல் நாளே கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கோவை