ஏகாதசியன்று ஒரு மாத்திரை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு துவாதசி விடியற்காலையில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா வியர்த்து விறுவிறுத்துச் சுவரோரம் சாய்ந்துகிடந்தார். கை நடுங்கியது, பேச்சு குழறியது. பக்கத்து வீட்டில் குடியிருந்த நர்ஸ் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார். கால் மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை, வயசாகிறதே" என்றார்.

முதல்நாள் முழுதும் ஏகாதசிப் பட்டினி. ஆனால் இரவு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை மாத்திரை அது. சோறு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அதை எழுதித் தந்த மருத்துவர் கெட்டிக்காரர், நல்லவரும்கூட. சாப்பாட்டைக் குறையுங்கள், மாத்திரையை ஒருவேளைகூட விடாதீர்கள் என்பது அவர் சொன்னது. அம்மா இரண்டையும் அட்சரம் பிசகாமல் செய்தார். நீங்கள் விரதம் இருப்பதுண்டா என்று எட்டு ஆண்டுகளில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. மாடவீதிகளைச் சுற்றி வாழ்பவரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி அல்லவா அது?

மருத்துவரை மட்டும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்த ஆபத்தை எச்சரிக்கும் துண்டறிக்கை எங்கள் வீட்டு மேசையிலேயே கிடந்தது. ஒரு முகாமுக்காக அதைத் தமிழாக்கியவன் நான்தான். 'குருதிச் சர்க்கரைத் தாழ்நிலை' என்று எழுதி, ஆங்கிலக் கலப்பின்றி அமைந்ததில் பெருமையும் பட்டிருந்தேன். அம்மா அதைப் படித்திருந்தார். அவ்வப்போது தமக்கு வந்த படபடப்புக்குத்தான் அந்தப் பெயர் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. 'லோ சுகர்' என்று எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். தமிழ் முதுகலை படித்தவன் இதை ஒப்புக்கொள்வது எளிதன்று.

'நீரிழிவு' என்ற சொல்லும் அப்படித்தான். இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். டயாபடிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் ஊடாக வழிந்தோடுவதையே குறிக்கிறது. வகுப்பில் சொல்ல அழகான ஒற்றுமை. ஆனால் இன்றைய காதில் விழுவது 'இழிவு' மட்டுமே. 'கட்டுப்பாட்டில் இல்லை' என்று பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சொல்லும்போது, மருத்துவர் ஓர் எண்ணைச் சொல்கிறார். எதிரே இருப்பவர் தம் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பாக அதைக் கேட்கிறார். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அந்நாட்டு நீரிழிவுக் கல்வியாளர் சங்கமும் 2017இல் கூட்டாக வெளியிட்ட பரிந்துரையில், இத்தகைய சொற்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கின்றன. தமிழில் அந்த வேலையை யார் செய்வது?

நோயறிவில் இந்நகரம் பின்தங்கியதன்று. எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லியில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் மருத்துவமனையே எழுப்பினார். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு; தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காடு. இத்தனை பேரிடமும் யாரோ ஒருவர் பேசியாக வேண்டும். அதை உணர்ந்துதான் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறம், உரையாடல் மூன்றையும் சேர்த்து ஒரு பாடப்பகுதி வைத்தார்கள். வரவேற்கத்தக்கது.

ஆனால் அத்தகைய பயிற்சி ஒன்றைப் பார்க்க என்னை ஒருமுறை அழைத்திருந்தார்கள். மாணவர் ஒருவர் மருத்துவராகவும் இன்னொருவர் நோயாளியாகவும் நடித்தனர். இருவரும் பேசியது ஆங்கிலம்! நோயாளி தம் கவலைகளைத் தெளிவாக, வரிசையாக எடுத்துரைத்தார். அப்படிப்பட்ட நோயாளியை நான் மாம்பலத்தில் கண்டதில்லை.

நான் கண்டவர் என் மாணவி ஒருத்தியின் தாயார். தியாகராய நகர்ப் புடவைக்கடையில் வேலை. பகல் சாப்பாடு நான்கு மணிக்குக் கிடைத்தால் பாக்கியம். கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள், சரி. பண்டிகைக் கூட்டத்தில் உட்கார்வது எங்கே? அவரிடம் தினமும் அரைமணி நேரம் நடக்கவும், ஓட்ஸ் சாப்பிடவும் சொல்லியிருக்கிறார்கள். 'கேட்காவிட்டால் ஊசிதான்' என்றும் சேர்த்துச் சொன்னார்களாம். மருந்தையே தண்டனையாகக் காட்டிவிட்டு, பின்னொரு நாள் இன்சுலின் தேவைப்படும்போது அவர் ஏன் ஓடிஒளிகிறார் என்று வியப்பதில் என்ன பொருள்?

வெளியே ஐம்பது பேர் காத்திருக்கையில் எப்படிப் பேசுவது என்று மருத்துவ நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எதற்கும் குறளை இழுப்பது எங்கள் துறையின் நோய், பொறுத்தருள்க. 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு 'உழைச்செல்வா'னையும் ஓர் உறுப்பாக எண்ணுகிறது. அருகிருந்து பார்ப்பவன் என்று பொருள். நர்ஸ், உணவியலாளர், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண்கள் எல்லாரும் உழைச்செல்வாரே. பயிற்சி அவர்களுக்கு, தமிழில், உண்மையான நோயாளிகளை அமர்த்தி நடக்கட்டும். தமிழ்த்துறைகளையும் அழையுங்கள், சொல்லாக்கத்துக்கன்று, எங்கள் சொல்லாக்கத்தின் யோக்கியதையை மேலே சொன்னேன். கேட்பவர் காதில் ஒரு சொல் என்னவாக விழுகிறது என்று ஆராய்வதற்கு.

ஒன்றை மட்டும் கற்றுக்கொடுத்தாலும் போதும். அறிவுரை முடிந்ததும், "நான் சொன்னதை வைத்து வீட்டில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்பது. ஒரு நிமிடம் ஆகும். அன்று யாராவது கேட்டிருந்தால், அம்மா ஏகாதசியைப் பற்றித் தாமாகவே சொல்லியிருப்பார்.

இப்போது பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொண்டுதான் மருத்துவரிடம் போகிறார். அவரும் பார்த்து, விரத நாள்களுக்கு மாத்திரையை மாற்றி எழுதித் தருகிறார்.