பல திரை, ஒரு காட்சி

மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளை வாசகர்களுட் பலர் கண்டிருப்பர். இலங்கை மின்சார சபை 2020 டிசெம்பரில் 'தம்பபவனி' என்னும் பெயரில் தொடக்கிவைத்த நிலையம் அது. ஆலைகள் 30, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று வலுவுடையது. நல்ல காற்று வீசுங்கால் எல்லாம் சேர்ந்து 103.5 மெகாவாற்று வரை தரவல்லன. ஆயின், காற்று எவர் சொல்லுக்கும் அடங்குவதன்று. சோளகம் எழுந்தால் அள்ளிக் கொடுக்கும், ஓய்ந்தால் கைவிரிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணந்தோறும் பார்த்து, நீர், நிலக்கரி, எண்ணெய் நிலையங்களைக் கூட்டியும் குறைத்தும் ஈடுசெய்ய வேண்டும். கட்டுப்பாட்டறையில் இருப்போரின் வேலை இதுவே.

இத்தகைய அறைகளிற் பெரும்பாலும் சுவர் நிறையத் திரைகள் இருக்கும். வீடியோச் சுவர் என்பர். தொலைக்காட்சிப் பெட்டிகள் நான்கினை அடுக்கிவைத்தாற் போதாதோ என்று மாணவர் கேட்கலாம். போதாது.

ஒரு சாதாரணத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 ஒளிப்புள்ளிகள் உள்ளன. இரண்டுக்கு இரண்டாக நான்கு திரை சேர்ந்தால் 3840, 2160 ஆகும். முதல் திரைக்குப் படத்தை அனுப்பி, அதிலிருந்து அடுத்ததற்குக் கம்பியாற் கடத்துவது மலிவான வழி. ஒவ்வொரு திரையும் தன் பங்கை மட்டும் வெட்டி எடுத்துப் பெருப்பித்துக் காட்டும். புடைவைக் கடை விளம்பரத்துக்கு இது தாராளம். ஆனால் ஒரு திரைக்குரிய புள்ளிகளையே நான்கில் விரித்தால் எழுத்துப் பெருக்குமேயன்றித் தெளியாது. நடுவில் ஒன்று பழுதானால் அதற்கு அப்பாலுள்ளவையும் இருண்டுவிடும். ஆதலால் கட்டுப்பாட்டறையில் ஒரு பங்கீட்டுக் கருவி முழுப் படத்தையும் ஆக்கி, துண்டுகளைத் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புகிறது.

அடுத்த தொல்லை நேரம். திரை ஒவ்வொன்றும் செக்கனுக்கு 60 முறை புதுப்படம் தீட்டுகிறது. ஒன்று சற்றுப் பிந்தினாலும், நகரும் கோடு இணைப்பில் முறிந்து தோன்றும். கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டுக்கு ஒருமித்துக் காலெடுத்து வைப்பதுபோல, எல்லாத் திரைகளுக்கும் ஒரே துடிப்பு அனுப்பப்படுகிறது.

இனி, திரைகளின் ஓரச் சட்டம். ஜன்னற் கம்பிக்குப் பின்னே காட்சி தொடர்வதுபோல, சட்டத்தின் அகலத்துக்குரிய புள்ளிகளைக் கருவி மறைத்துவிடும். வரைபடத்துக்கு இது அழகுதான். ஆயினும் 103 என்னும் எண் இணைப்பிலே விழுந்து நடு இலக்கம் மறைந்தால், பார்ப்பவர் 13 என்றல்லவா வாசிப்பார்! எண்களை இணைப்பில் வைக்காதிருத்தல் கருவியின் பொறுப்பன்று. படத்தை அமைப்பவரின் பொறுப்பு. விலையுயர்ந்த சுவர்களிலும் இச்சிறு கவனம் தவறிவிடக் கூடும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததன் விளைவாக நாடு முழுவதும் மின்சாரம் அற்றது. விடுமுறை நாளாதலால் மின் தேவை குறைவு. கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரமோ மிகுதி. அத்தகைய வலையமைப்பு ஓர் அதிர்ச்சியை எளிதில் தாங்காது. ஊரெல்லாம் இருண்ட அவ்வேளையிலேதான், எக்கம்பியில் உயிர் உண்டு, எதில் இல்லை என்பதை அறையிலுள்ள அனைவரும் ஒருங்கே காண வேண்டியிருக்கிறது. ஆகவே நன்கமைந்த அறையில் சுவருக்கென மின்கலங்கள் இருக்கும். பங்கீட்டுக் கருவி ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். அவரவர் மேசையில், சுவரை நம்பியிராத சிறு திரையும் இருக்கும்.