விடுதிச் சுவரில் அசல் ஓவியம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியில் நடந்தது உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அவசரப் பொதுக்குழுவில் பேசப்பட்டவற்றைச் செயற்குழு மூன்று முறை கூடித் திருத்தியதில் வந்ததே இந்த அறிக்கை. எல்லா வரிக்கும் எல்லோரும் தலையாட்டவில்லை. எங்கே பெரும்பான்மைக் கருத்து மட்டுமோ அங்கே அப்படியே குறித்திருக்கிறோம்.

விடுதிகள் மீது எங்களுக்குப் பகை கிடையாது. டெல்லி ஐடிசி மௌரியாவின் முகப்புக் கூடத்து விதானத்தைக் கிருஷன் கன்னாவின் ‘மாபெரும் ஊர்வலம்’ நிறைத்திருக்கிறது. கலிங்கத்தில் அசோகன் நிற்பதாக மீரா முகர்ஜி வார்த்த பெரும் வெண்கலச் சிலையும் அதே விடுதியில்தான் இருக்கிறது. அருங்காட்சியகம் பக்கமே போகாதவர்கள்கூட அறைச் சாவிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இவற்றைப் பார்த்துவிடுகிறார்கள். கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் பத்திக் துணி விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்காடு வாங்கி 1966ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். இன்று அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விடுதிகள். அவற்றின் சுவர்களில் நம் உறுப்பினர்களுக்கு இடம் வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். கேட்டதில் தவறில்லை. என்ன நிபந்தனையில் என்று கேட்காமல் விட்டதுதான் தவறு. அதில் சங்கத்துக்கும் பங்குண்டு என்று பதிவு செய்யச் செயற்குழுவில் சிலர் வற்புறுத்தினார்கள். பதிவு செய்கிறோம்.

முதலில் சொன்ன விடுதியின் வரவேற்பறையில் இருந்தது ஆறு பலகைகளில் தீட்டிய ஒரே ஓவியம். புதுப்பிக்கும் வேலை தொடங்கியபோது ஓவியருக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூடப் போகவில்லை. பலகைகளை அறுத்துப் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையில் தட்டு அடித்திருக்கிறார்கள். நேரில் பார்க்கப் போன நம் உறுப்பினர் ஒருவர், மடித்து வைத்த துண்டுகளுக்குக் கீழே வலை இழுக்கும் ஒரு கை மட்டும் தெரிந்ததாகச் சொன்னார். முழங்கைக்கு மேல் ரம்பம் போயிருந்தது. இதைவிட மோசமானது வரவேற்பறையில் நடந்தது. அதே ஓவியத்தின் பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி, கேன்வாஸில் அச்சடித்து, அதே சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சோபா நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று செம்மண் சிவப்பைச் சாம்பல் நீலமாக மாற்றியிருக்கிறார்கள். வலது கீழ் மூலையில் இருந்த கையொப்பம் சட்டத்துக்குள் சரியாக அடங்கவில்லையாம், வெட்டிவிட்டார்கள்.

“காசு கொடுத்து வாங்கியது எங்கள் பொருள்” என்பது நிர்வாகத்தின் பதில். பலகை அவர்களுடையதுதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 57 என்று ஒன்று இருக்கிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் படைத்தவருக்கே உண்டு. நிறத்தை மாற்றிக் கையொப்பத்தை வெட்டியது இந்தப் பிரிவுக்குள் வராது என்றால் வேறு எதுதான் வரும்?

அமர்நாத் செகல் வழக்கை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் 140 அடி நீளம், 40 அடி உயரத்துக்கு அவர் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல் புதுப்பிப்பு என்ற பெயரில் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் 1992ல் வழக்குப் போட்டார். 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளைத் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடு என்று அரசுக்கு உத்தரவிட்டது. தீர்ப்பு வர 13 ஆண்டுகள். செகலிடம் பெயரும் இருந்தது, பொறுமையும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அத்தனை நாள் வக்கீல் செலவு தாங்குவோம்? போதாததற்கு, ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ இடிப்பு குறித்துக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடுத்த வழக்கில் 2019ல் அதே நீதிமன்றம் சொத்துக்காரர் பக்கமே நின்றது. அது கட்டடம் பற்றியது என்றாலும், அழிப்பதைச் சட்டம் தடுத்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே முழுக் கனமும் ஒப்பந்தத்தின் மேல்தான் விழுகிறது. அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். பிரிவு 17ஐ உறுப்பினர்கள் தயவுசெய்து ஒருமுறை படிக்க வேண்டும். ஒருவர் கேட்டு, கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவரே. ஆமாம், ஓவியர் இல்லை. சிற்பத்தை அந்த விதி குறிப்பிடவில்லை, ஓவியத்தைக் குறிப்பிடுகிறது. முன்பணக் காசோலையைப் பார்த்த மகிழ்ச்சியில் நாம் விடும் அந்த ஒரு வரிதான் பின்னால் காபிக் கோப்பையிலும் சாவி அட்டையிலும் நம் ஓவியம் அச்சாவதற்கு வழி. உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்போதுகூட, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று பிரிவு 19 எல்லை வைக்கிறது. அதனால்தான் அவர்கள் தரும் தாளில் ‘உலகெங்கும், என்றென்றைக்கும்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது.

சங்கத்தின் நிலைப்பாடு இது. உறுப்பினர் படைப்பைக் கழற்றவோ இடம் மாற்றவோ விரும்பும் விடுதி 60 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், திரும்ப எடுத்துக்கொள்ளும் முதல் வாய்ப்பைப் படைத்தவருக்குத் தர வேண்டும். மாட்டியே தீர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கழற்றி வைக்கலாம், அதற்குச் சட்டமும் தடை சொல்லவில்லை. ரம்பத்தை எடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம். அசல் கையில் இருக்க, அதன் அச்சுப் பிரதியை மாட்டுவதைச் சங்கம் எந்த நிலையிலும் ஏற்காது. இந்த வாக்கியத்தில் ‘இயன்றவரை’ என்று சேர்க்கலாம் என்ற திருத்தம் வாக்கெடுப்பில் தோற்றது.

அறைகளில் அச்சுப் பிரதி மாட்டுவதற்கு எதிர்ப்பில்லை. 200 அறைக்கும் 200 அசல் ஓவியம் கேட்கும் அளவுக்கு நாங்கள் உலகம் அறியாதவர்கள் இல்லை. எண்ணிட்ட பிரதியாக, ஓவியர் பெயரோடு, அதற்குரிய தொகையோடு இருக்கட்டும். அச்சுத் தாளில் கல் ஒட்டி மினுக்கித் ‘தஞ்சாவூர் ஓவியம்’ என்று மாட்டுவது வேறு கதை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சில் மேடு எழுப்பி, தங்கத் தகடு பதித்து வயிறு வளர்ப்பவர்களின் புவிசார் குறியீட்டைத் திருடுவது அது.

குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடத்திலும் மேற்கு வெயில் விழும் சுவரிலும் படைப்புகளை வைக்க வேண்டாம் என்று உள்அலங்கார வடிவமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். செயற்கை நுண்ணறிவுப் படங்கள் குறித்து ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. துணைக்குழு தொடர்ந்து ஆராயும். ‘காசு குறைவு, ஆனால் உங்கள் பெயர் பரவும்’ என்ற பேச்சுக்கு இனி பதில் சொல்ல வேண்டியதில்லை.

குறிப்பிட்ட விடுதி அச்சுப் பிரதியை இறக்கி, பலகைகளை உரியவரிடம் ஒப்படைக்கும்வரை அதன் எந்தக் கண்காட்சியிலும் பயிலரங்கிலும் உறுப்பினர்கள் பங்கேற்க வேண்டாம் என்று பெரும்பான்மை முடிவாகக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே முன்பணம் வாங்கியவர்களின் சங்கடம் புரிகிறது. அவர்கள் செயலாளரிடம் தனியாகப் பேசலாம்.

புதிய ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். புதன், சனி மாலைகளில் சட்டக்குழு உறுப்பினர் ஒருவர் இருப்பார். கட்டணம் இல்லை.